தெரியாது என்று சொன்ன டாக்டர்

அவருடைய இடது கையைப் பார்த்தால் யாருக்கும் பூனை நினைவுதான் வரும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சின்னச் சின்னக் கீறல்கள். பூனை கீறினால் இப்படி வரிசையாகக் கீறாது, கீறிய இடத்துக்குப் பக்கத்தில் மசியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பரும் போடாது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் விடமாட்டார்கள். மருந்துக்குச் சீசாவை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்.

"ஏனுங் டாக்டரே, ஊட்டுல வளக்கறது பூனைங்களா, இல்லீன்னா இது அம்மிணியோட நகமுங்களா?"

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒன்பதாம் நம்பர் கோழி இறகு. பத்தாம் நம்பர் கம்பஞ்சுணை. ரெண்டும் எனக்கு ஒண்ணும் செய்யலீங்க" என்று பதில் சொல்லுவார். கேட்டவள் சீசாவை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவாள். கேலிக்குப் பதில் கேலி வந்தால் சமாளிக்கலாம். கோழி இறகு என்று பதில் வந்தால் என்ன செய்வது?

பிள்ளைகளே, நான் சொல்வது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாம் உலகச் சண்டை வருவதற்குக் கொஞ்ச வருஷம் முந்தி. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பக்கம் எங்கள் ஊர். ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், உட்கார இரண்டு பெஞ்சு. அந்த டாக்டரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

ஆத்தூருக்குக் கிழக்கேயிருந்து வந்தவர். எங்கள் பக்கத்து மரியாதைப் பேச்சு அவருக்குப் புதிது. வந்த ஒரு மாதத்துக்குள் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடக் கற்றுக்கொண்டார். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. சைக்கிளில் போகும்போது வழியில் எருமை படுத்திருந்தால் மணி அடிக்காமல் இறங்கி நின்று, "கொஞ்சம் நகர்ந்துக்கங்க" என்பார். எருமை நகராது. அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவார்.

ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது இதற்காக இல்லை. அவர் வாயில் எப்போதும் இருந்த ஒரு சொல்லுக்காக. 'தெரியாது' என்பதுதான் அந்தச் சொல்.

ஒரு பெரியவர் முட்டி வலிக்கிறது என்று வருவார். டாக்டர் அழுத்திப் பார்ப்பார், மடக்கிப் பார்ப்பார், மருந்தும் கொடுப்பார். "எதனால வந்துச்சுங்க?" என்று கேட்டால், "தெரியாதுங்க, பார்க்கலாம்" என்பார். பெரியவர் வெளியே வந்து பெஞ்சில் இருப்பவர்களிடம் சொல்லுவார்: "தெரியாதுன்னு சொல்றதுக்கு நாமளே போதாதா? அதுக்கு மெட்ராசுல போயிப் படிச்சுட்டு வரோணுமா?"

கம்பவுண்டர் இதற்கு நேர்மாறு. அவருக்குத் தெரியாததே கிடையாது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஆள் நிற்கும்போதே, "பித்தம்" என்று சொல்லிவிடுவார். கண் வலியா, பித்தம். கால் சுளுக்கா, அதுவும் பித்தம்தான். அதனால் டாக்டர் அறை வாசலில் இரண்டு பேர் நின்றால் கம்பவுண்டர் ஜன்னலில் இருபது பேர் நிற்பார்கள்.

அந்த இரண்டு பேரில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து எளப்பு. புத்தகத்தில் ஆஸ்துமா என்று போடுகிறார்களே, அதுதான். வந்துவிட்டால் நெஞ்சுக்குள் யாரோ ஓட்டைப் புல்லாங்குழலை வைத்து ஊதுவதுபோல் இருக்கும். மூச்சை இழுத்துவிடலாம், வெளியே விட முடியாது. படுக்க முடியாது, பேச முடியாது, தோள்பட்டை இரண்டும் காதுக்கு ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் என் இடம் பாதி நாள் காலியாகத்தான் இருக்கும். பனமரத்துப்பட்டியில் மாமன் வீட்டுக்குப் போனால் மட்டும் எளப்பு எட்டிப் பார்க்காது. ஏரிக்காற்று என்று எல்லாரும் சொன்னார்கள்.

அம்மா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். அவள் காய்ச்சும் விளக்கெண்ணெய்க்கு எங்கள் ஊரில் தனிப் பெயர். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்தெல்லாம் கிண்ணத்தோடு வந்து கேட்பார்கள். ஆமணக்கு விதையை எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம். அதை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்து எடுப்பாள். சூடாக என் நெஞ்சில் தேய்ப்பாள், உள்ளுக்கும் ஒரு கரண்டி கொடுப்பாள். தேய்த்த கொஞ்ச நேரம் இதமாக இருக்கும்.

ஒரு ஐப்பசி மாதம் எளப்பு வந்து உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கம்பவுண்டர் ஜன்னலிலிருந்து "பித்தம்" என்றார். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் கையில் ஊசி போட்டார். வெற்றிலை ஒரு வாய் மெல்லுகிற நேரம்தான். நெஞ்சுக்கூடு திறந்துகொண்டது. நான் தண்ணீர் கேட்டேன்.

பின்னாலேயே ஓடி வந்திருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி, எம் புள்ளைக்குத் தீந்து போச்சுங்களா?"

"இல்லம்மா. இது இன்னிக்கு மட்டுந்தான். திரும்ப வரும்."

"எதனாலதானுங்க வருது?"

"தெரியாதும்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு ஆறவில்லை. "உசுரைக் குடுத்தாரு, அது சரி. கூட ஒரு நல்ல வார்த்தையுஞ் சொல்லிக் குடுத்தா என்னவாம்?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் சைக்கிள் நின்றது. டாக்டர் ஒரு பையிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தார். என் தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்தார். கோழிக்கூண்டில் தலையை விட்டு இறகு எடுத்தார். மாட்டின் முதுகைத் தேய்த்து மயிர் எடுத்தார். கம்பு கொட்டிவைத்த குதிருக்கு அடியில் படுத்துக்கொண்டு தூசியைச் சுரண்டினார். எழுந்தபோது மீசை வெளுத்திருந்தது.

அம்மா விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்று பார்த்தாள். "ஏனுங்க, ஊடு கூட்டறதுக்குத்தான் நான் இருக்கறனே. அதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆளு வரோணுமுங்களா?"

அப்பாதான் விவரம் கேட்டார். டாக்டர் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார். "சில பிள்ளைங்களுக்குச் சில பொருள் ஆகாதுங்க. நமக்கெல்லாம் அது சும்மா தூசி. ஆனா இவன் உடம்பு அதைப் பகையாளின்னு நினைச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போகுது. சண்டை நடக்கிற இடம் மூச்சுக்குழாய். அதனால அது வீங்கி அடைச்சுக்குது. சீமையில இதைப் பத்தி நிறைய எழுதறாங்க, எனக்குத் தபால்ல வருது."

"பகையாளி ஆருங்க?"

"தெரியாதுங்க. அதைத்தான் தேடறேன்."

அந்தத் தேடல் எப்படி என்றால், ஒவ்வொரு தூசியையும் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டைத் தோலின் மேல் விட்டு, ஊசி முனையால் லேசாகக் கீறிப் பார்ப்பது. ஆகாத பொருளாக இருந்தால் அந்த இடம் கொசு கடித்ததுபோல் தடிக்கும். எதையும் முதலில் தன் கையில் கீறிக்கொண்டுதான் அடுத்தவர் கையைத் தொடுவார். வெறும் தண்ணீரைக்கூட அவர் கையில் முதலில் கீறிக்கொண்டார். அந்தக் கைக்கு அத்தனை நம்பர் வந்த கதை இதுதான்.

என் கையில் மாட்டு மயிர் விட்ட இடம் கொஞ்சம் தடித்தது. டாக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "இதுவா இருக்கலாம்" என்றார். 'தெரியாது' என்பதற்கு அடுத்த படி அவரிடம் அதுதான். ஒரு மாதத்துக்கு மாடுகளை வீட்டோடு கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எங்களுக்கு இருந்தது ஒரு ஜோடி. அதைக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் சித்தப்பா தொழுவத்தில் கட்டினார். அதில் செவலை மாடு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. விடியக் கருக்கலில் கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்று கத்தும். அப்பா எழுந்துபோய், "டாக்டர் சொல்லிருக்காரு, போ சாமி" என்று கெஞ்சிக் கெஞ்சித் திரும்ப ஓட்டிக்கொண்டு போவார். முப்பது நாளும் இதே வேலை. முப்பத்தோராம் நாள் எனக்கு முன்னைவிடப் பலமாக எளப்பு வந்தது.

டாக்டர் வந்து ஊசி போட்டார். பிறகு அப்பா அம்மா இரண்டு பேருக்கும் எதிரில் நின்று, "நான் சொன்னது தப்பு. உங்களைச் சிரமப்படுத்திட்டேன்" என்றார். அதோடு விட்டாரா? சித்தப்பா தொழுவத்துக்கும் போனார். செவலையிடம், "உங்களையும் அலைய வச்சுட்டேன்" என்றார். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றைக்குத்தான் அப்பா அவரை நம்ப ஆரம்பித்தார். அம்மா நம்பவில்லை. "மாட்டைக் கேட்டிருந்தா முன்னாலயே சொல்லிருக்கும்" என்றாள்.

டாக்டர் அடுத்ததாக அம்மாவுக்கே ஒரு வேலை கொடுத்தார். அடுப்படிச் சுவரில் கரியால் தினம் ஒரு கோடு போட வேண்டும். நல்ல நாளுக்கு நேர்க்கோடு, எளப்பு வந்த நாளுக்குச் சாய்கோடு. வாரம் ஒரு தடவை வந்து சாய்கோடுகளைத் தொட்டுத் தொட்டுக் கேட்பார். அன்றைக்கு என்ன ஆக்கினீர்கள், எதைக் காயவைத்தீர்கள், பையன் எங்கே விளையாடினான், எந்தத் துணியைப் போர்த்தினீர்கள். அம்மா ஒன்று விடாமல் சொல்லுவாள். கொட்டமுத்து இடித்ததை மட்டும் சொல்லமாட்டாள். மறைக்கவில்லை. அது மருந்து அல்லவா? நோய் எதனால் வந்தது என்று கேட்கிறவரிடம் மருந்தைப் போய் யாராவது சொல்லுவார்களா?

மார்கழியில் ஒரு நாள் காலை டாக்டர் சொல்லாமல் வந்தார். எனக்கு முதல் நாள் லேசாகச் சளி. அம்மா வாசலில் உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். நான் உரலுக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். மூக்கு ஒழுகியது. புல்லாங்குழல் மெதுவாகத் தொடங்கியிருந்தது.

"என்னம்மா இடிக்கிறீங்க?"

"கொட்டமுத்துங்க. பையனுக்கு எண்ணெ காச்சறதுக்கு."

டாக்டர் சைக்கிளை நிறுத்த மறந்து கையைவிட்டார். அது விழுந்தது. "எப்பப்ப இடிப்பீங்க?"

"சளி புடிச்ச ஒடனே இடிச்சுப் போடுவனுங்க. எளப்பு வந்தப்பறம் இடிச்சா ஆச்சுங்களா?"

"இடிச்சு எத்தனை நாள் கழிச்சு எளப்பு வருது?"

"எங்கீங்க நாளு? அன்னிக்கேதான் வந்துருது. அதனாலதான் மறுக்காவும் இடிக்கறேன்."

சொல்லி முடித்துவிட்டு அம்மா உலக்கையைத் தூக்கினாள். டாக்டர் என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார். அம்மா உலக்கையும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரம் கழித்து, நான் நன்றாக இருந்த நாளில், ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதித்தார். ஆமணக்கு பொல்லாதது என்று அவர் படித்திருந்தார். அதனால் ஒரு சிட்டிகைப் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டை எடுத்து இன்னொரு டம்ளரில் விட்டு, அதில் ஒரு சொட்டை மூன்றாம் டம்ளரில் விட்டு, இப்படியே மேசை முழுவதும் டம்ளராக அடுக்கினார். "இது ஊர்க் கெணத்துல ஒரு கொட்டமுத்தைப் போட்டாப்பல இருக்குது. இதுல என்ன இருக்கப் போவுதுங்க?" என்றாள் அம்மா.

முதலில் தன் கையில் கீறிக்கொண்டார். ஒன்றுமில்லை. பிறகு என் கையில். நூறு எண்ணுவதற்குள் அந்த இடம் இலந்தப்பழம்போல் வீங்கியது. கண் வீங்கியது. நெஞ்சு அடைத்தது. ஊசி தயாராகப் பக்கத்திலேயே இருந்தது, உடனே போட்டார். நான் தெளிந்த பிறகு அவர் அந்தக் கடைசி டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி விட்டிருக்கணும். என் தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளே, இதையெல்லாம் நீங்கள் விளையாட்டுக்குக்கூடச் செய்து பார்க்கக் கூடாது. அந்த ஊசி பக்கத்தில் இருந்ததால்தான் நான் இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அம்மாவிடம் திரும்பினார். "எண்ணெயில இல்லம்மா, இடிக்கும்போது பறக்கிற தூசியில இருக்கு. அதுதான் இவனுக்கு ஆகலை."

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க தெரியாது தெரியாதுன்னு இருந்தப்பவே நல்லாருந்தீங் டாக்டரே. தெரிஞ்சதும் எம்மேலயே பழி போடறீங்க."

"பழி இல்லம்மா."

"பின்ன என்னங்க? ஒம்பது வருசமா பெத்தவளே புள்ள மூச்சை அடைச்சான்னுதான அர்த்தம்?"

டாக்டர் டம்ளர்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "மாட்டு விஷயத்தில தப்பு பண்ணினேன். இதுலயும் தப்பா இருக்கலாம். தை மாசம் முடியற வரைக்கும் உலக்கையைத் தொடாம இருந்து பாருங்க. எண்ணெய் வேணும்னா செக்குல வாங்கிக்கங்க. உங்க அண்ணன் வீட்டிலயும் செக்கு எண்ணெய்தான், அங்க யாரும் இடிக்கறதில்லைன்னு பையன் சொன்னான்."

"செக்கு எண்ணெயா? அதைக் கதவுக் குடுமிக்குப் போடலாம்."

அம்மாவைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, "உங்க எண்ணெய் நல்ல எண்ணெய்தாம்மா, நானே சாப்பிட்டுக் காட்டறேன்" என்று அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார். தனக்கு எதுவுமே ஆகாமல் போனதில்லை என்று தெரிந்தவர், இதிலிருந்து என்ன கண்டுபிடிக்கப் பார்த்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மருந்துக்கடை எண்ணெயைக் குடிக்கிற அளவுக்கு, அதைவிட வேகமான அம்மாவின் எண்ணெயைக் குடித்துவிட்டார். மறுநாள் முழுக்க வயிற்றுப்போக்கு, டாக்டர் அறை திறக்கவில்லை. கம்பவுண்டர் ஜன்னலிலிருந்து எல்லாரிடமும், "டாக்டருக்கு இன்னிக்குக் காலையிலிருந்து எல்லாந் தெரிஞ்சு போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கேட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆனால் உலக்கையைத் தொடவில்லை. கோபத்தோடுதான் தொடவில்லை. சுவரில் நேர்க்கோடுகள் சேர்ந்தன. பத்து, இருபது, முப்பது. நான் ஒரு மாதம் விடாமல் பள்ளிக்கூடம் போனேன். அப்பா கோடுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அம்மா அந்தப் பக்கம் கரியோடு போகும்போதெல்லாம் முகத்தை இறுக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நேர்க்கோடும் அவளுக்கு எதிராகச் சொல்லும் சாட்சி அல்லவா?

தை பாதியில் ஒரு நாள் காலை எளப்பு வந்தது.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஊசி போட்டு நான் மூச்சுவிட்டதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நான் ஒலக்கையைத் தொடவேயில்லீங்க. தொட்டனான்னு பையனைக் கேளுங்க. பொறகு எப்பிடிங்க வந்துச்சு?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படின்னா நான் மறுபடியும் தப்புதாம்மா" என்றார். மேசை மேலிருந்த நோட்டை இழுத்தார். என் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.

அம்மா ஜெயித்துவிட்டாள். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு வேலியைத் தாண்டினால் பக்கத்துத் தோட்டத்துக் களம். களத்துக்கு அருகில் வந்ததும் என் நெஞ்சு மறுபடியும் கீச்சிட்டது. அம்மா நின்றாள். களத்தில் ஆமணக்குக் காய் குவித்து நான்கு பேர் கோலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தொலி உடைந்து தூசியாக எழும்பியது. கிழக்கேயிருந்து வீசும் கீகாற்று அதை அப்படியே வாரி எங்கள் கூரை மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா தூசியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். முந்தானையை என் மூக்கின் மேல் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே வேகமாகத் திரும்பினாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் கையில் பேனா இருந்தது.

"அடிச்சுப் போட்டீங்களா?"

"எதைம்மா?"

"நோட்டுல எழுதுனதை. அடிக்காதீங்க. நான் இடிக்கலீங்க, ஆனா ஊரே அடிக்குது. பக்கத்துக் களத்துல கொட்டமுத்து அடிக்கறாங்க, கீகாத்துல தூசி பூராவும் எங்க ஊட்டு மேலதான் வருது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காத்தை நான் நினைக்கவே இல்லை" என்றார்.

வாசலில் இருந்த ஒருத்தி, "என்னக்கா சொல்ற, கொட்டமுத்துத் தூசிக்கா எளப்பு வருது?" என்று கேட்டாள்.

அம்மா திரும்பினாள். அத்தனை பேருக்கும் எதிரில், குரல் தணியாமல் சொன்னாள்: "ஆமா. இத்தனை நாளும் என் ஒலக்கையிலிருந்துதான் வந்துச்சு. எனக்குத் தெரியில. உம் புள்ளைக்கும் இருமலு இருக்குதல்ல, நீயும் பாத்துக்க."

ஊர் என்ன பேசும் என்று பயந்தாளே, அதைத் தானே பேசி முடித்துவிட்டாள். அதற்கு மேல் ஊருக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்தக் களத்துக்காரியோடு வேலித் தகராறு, வழித் தகராறு என்று மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. என்னை டாக்டரிடம் விட்டுவிட்டு அம்மா நேராக அங்கே போனாள். டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்றடிக்கும் திசையைத் தானும் பார்க்க வேண்டும் என்று, என்னைக் கம்பவுண்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே சைக்கிளில் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வேலிக்குப் பேச வந்தயா, வழிக்குப் பேச வந்தயா?" என்றாளாம் களத்துக்காரி.

"ரெண்டுக்குமில்லீங்க்கா. பையனுக்கு இந்தத் தூசி ஆவறதில்லை. களத்தை மேக்கால, எங்க ஊட்டுக்கு அந்தப் பக்கம் மாத்திக்கங்க."

"உம் மவன் மூச்சு உடறதுக்கு எங் களம் எந்திரிச்சு நடக்கோணுமா?"

"அது நடக்க வேண்டாம். எங்க மேக்காட்டுல எடம் உடறேன். நானே செதுக்கிச் சாணி போட்டு மொழுவித் தாரேன். காயையும் நானே செமந்து கொண்டாந்து போடறேன்."

களத்துக்காரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாளாம். பிறகு அடிக்கிறவர்களைப் பார்த்து, "நிறுத்துங்கப்பா" என்றாளாம். "மேக்காட்டுல பாறை கெடக்குது. நீ ஒருத்தியாச் செதுக்கி எப்பத் தீரும்? நானும் வாரேன், போ."

அம்மா சுமக்கிறேன் என்ற காய்களைக் களத்துக்காரியின் ஆட்கள்தான் சுமந்தார்கள். டாக்டரும் ஒரு கூடை தூக்கினார். பாதி வழியில் கொட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு தூசியிலிருந்து நான் விலகியே இருந்தேன். எளப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் இடம் காலியாக இருந்தது குறைவு.

அடுத்த வருஷம் டாக்டர் ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். டாக்டர்கள் படிக்கிற மாதப் பத்திரிகை. என்னைப் பற்றி அவர் எழுதிய கடிதம் அதில் அச்சாகியிருந்தது. அம்மாவை உட்காரவைத்து, இங்கிலீஷை வரி வரியாகத் தமிழில் சொன்னார். "காத்தடிக்கிற திசையைக் கவனிச்சு, காரணத்தை உறுதி செஞ்சது, படிப்பறிவில்லாத, அந்தச் சிறுவனோட தாய்."

"படிப்பில்லைன்னு போட்டிருக்குதுங்களா?"

"ஆமாம்மா."

"பேரு?"

"நோயாளி குடும்பத்துப் பேரை வெளியில போடக் கூடாதும்மா. அது வழக்கம்."

அம்மா பத்திரிகையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இங்க அடியில பெருசா என்னமோ கெடக்குதே, இது என்னங்க?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அது என் பேரு."

அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் காது சிவந்துவிட்டது. பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா கேட்டாள்: "வேற ஊர்ல ஒரு புள்ளைக்கு இப்பிடி வந்தா, இதைப் படிச்ச டாக்டருங்க அந்தப் புள்ளையோட அம்மாகிட்டப் போயி, நீ என்ன இடிச்சேன்னு கேப்பாங்களா?"

"கேட்பாங்கம்மா."

"அப்பச் சரி. எம் பேரு எதுக்கு, போங்க."

பிற்பாடு நான் பெரியவனாகி, அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "எழுது. அந்த மனுசன் செஞ்சது ஒண்ணு உடாம எழுது. பேரை மட்டும் போடாத. எப்பிடி இருக்குதுன்னு அவரும் பாக்கட்டும்."